மகனுக்குப் பதினாறு வயது, எனக்கு மீள்பரிசீலனை

பிள்ளைக்குப் பதினாறு வயதானதும் பிரிட்டனின் உதவிக் காசுகளைக் கவனிக்கும் அரச திணைக்களமான டி.டபிள்யூ.பி.யில் இருந்து ஒரு கடிதம் வரும். இதுவரை அவன் பெயரில் வந்துகொண்டிருந்த, இயலாமை உள்ள பிள்ளைகளுக்கான டி.எல்.ஏ. என்ற உதவிக் காசு நிற்கப்போகிறது, தொடர்ந்து உதவி வேண்டுமென்றால் குறித்த தேதிக்குள் பெரியவர்களுக்கான ‘பிப்’புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். வாசிக்கிற தாய்க்கு முதலில் பிள்ளையின் காசைப் பற்றித்தான் யோசனை போகும். தன்னுடைய காசும் அதே கயிற்றில்தான் தொங்குகிறது என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும்.

தாய்க்குக் கிடைக்கும் அந்தக் காசு, அதாவது பராமரிக்கிறவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ், தனியாக நிற்கிற ஒன்றல்ல. பராமரிக்கப்படுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பராமரிக்கிறவருக்கு அது கிடைக்கும். பிள்ளையின் டி.எல்.ஏ.யில் பராமரிப்புப் பகுதி நடுத்தர அல்லது உயர்ந்த விகிதத்தில் இருக்க வேண்டும். பதினாறுக்குப் பிறகு, பிப்பில் அன்றாட வாழ்வுப் பகுதி ஏதாவது ஒரு விகிதத்தில் இருக்க வேண்டும். நடமாட்டப் பகுதி மட்டும் கிடைத்தால் தாய்க்கு ஒன்றும் இல்லை. இதோடு கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பிள்ளையைப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் 2025-26இல் கிழமைக்குக் கிடைத்தது 83.30 பவுண்ஸ். பிரித்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு இரண்டரைப் பவுண்ஸ்கூட வராது. ஆனாலும் அந்தக் காசோடு சேர்ந்து தேசியக் காப்புறுதிக் கிரெடிட்டும் வருகிறது. வேலைக்குப் போக முடியாத தாய்மாருக்கு நாளைக்கு முழு அரச ஓய்வூதியம் கிடைப்பதற்கு வேண்டிய 35 வருடங்களில் இந்த வருடங்களும் சேரும். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஸ்கொட்லாந்தில் ஏற்பாடு வேறு. அங்கே பெயர்களும் வேறு, வயதுக் கணக்கும் வேறு. நான் எழுதுவது இங்கிலாந்தில் எனக்குத் தெரிந்ததை.

எனக்கு ஓட்டிசம் உள்ள ஒரு மகன் இருக்கிறான். அவனுடைய பதினாறைத் தாண்டி வந்த பிறகு தெரிந்த தாய்மார் சிலர் ஃபோன் எடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் இன்னொருவருக்கு நம்பர் கொடுத்து, இப்போது முகம் தெரியாதவர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் பல மாதிரி. சிக்கல் ஒன்றுதான்: தாங்கள் செய்யும் வேலை அவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை.

“நான் ஒண்டும் பெரிசாச் செய்யிறேல்ல அக்கா. தாய் பிள்ளையைப் பாக்கிறது தானே.”

இந்த வசனத்தை எத்தனையோ குரல்களில் கேட்டிருக்கிறேன். சொல்வது எங்கள் ஆட்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டின் சட்டமே ஒரு காலத்தில் அப்படித்தான் பேசியது. இந்த அலவன்ஸ் 1976இல் தொடங்கியபோது அதன் பெயர் இன்வலிட் கேர் அலவன்ஸ். திருமணமான பெண்களுக்கும் ஒரு ஆணோடு சேர்ந்து வாழும் பெண்களுக்கும் அது கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம். கடுமையான இயலாமை உள்ள தன் தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் ட்ரேக் என்ற பெண் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986 ஜூனில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. வரப்போகிற தீர்ப்பின் போக்கு தெரிந்தோ என்னவோ, அரசாங்கம் அதற்கு முதல் நாளே விதியை மாற்றுவதாக அறிவித்துவிட்டது. கேரர்ஸ் அலவன்ஸ் என்ற பெயர் 2003இல் வந்தது. ட்ரேக் அம்மையார் நீதிமன்றம் வரை கொண்டுபோன அதே கதையைத்தான் ஒவ்வொரு தாயும் பிப் படிவத்தில் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது: இது வேலை, இதற்கு நேரம் போகிறது.

சரி, பதினாறில் என்னதான் மாறுகிறது? கேட்கும் கேள்வியே மாறுகிறது.

டி.எல்.ஏ.யில் உங்கள் பிள்ளையை அதே வயதுப் பிள்ளையோடு ஒப்பிடுவார்கள். சாதாரணமாக அந்த வயதில் தேவைப்படுவதைவிடக் கணிசமாகக் கூடுதல் கவனிப்பு வேண்டுமா என்பதுதான் அளவுகோல். மூன்று வயதில் பம்பர்ஸ் கட்டுவது ஒரு செய்தியே இல்லை. ஒன்பது வயதில் அதுவே பெரிய ஆதாரம். பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றாலும் பக்கத்துப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பதால் இடைவெளி கூடும். சில பிள்ளைகள் மெல்ல முன்னேறி இடைவெளியைக் குறைப்பதும் உண்டு. அதனால்தான் டி.எல்.ஏ. புதுப்பிக்க வரும்போது பழைய படிவத்தின் பிரதியைப் பார்த்து அப்படியே எழுதக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுதிய ‘ரோட்டில் கையை உதறிவிட்டு ஓடுவான்’ என்பது பன்னிரண்டு வயதில் வேறு கனத்தோடு நிற்கும். மற்றப் பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கூடம் போய் வரும் வயது அது.

பிப்பில் ஒப்பிட ஆளில்லை. பத்து அன்றாடச் செயல்கள், இரண்டு நடமாட்டச் செயல்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அன்றாடப் பகுதியில் எட்டுப் புள்ளி வந்தால் சாதாரண விகிதம், பன்னிரண்டு வந்தால் கூடிய விகிதம். செயலை ஒருவர் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவையான ஒவ்வொரு முறையும், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். இயலாமை இல்லாத ஒருவருக்கு எடுக்கும் நேரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனால் அது நியாயமான நேரம் இல்லை. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி என்பதே கணக்கு. ஒரு நல்ல நாளில் செய்துவிட்டான் என்பதற்காக அவனால் ‘முடியும்’ என்று ஆகிவிடாது. இந்த நாலு நிபந்தனையையும் அறியாமல் படிவத்தைத் தொடுவது வீண் வேலை. ‘குளிப்பானா?’ என்றால் குளிப்பான்தான். எப்படிக் குளிப்பான் என்பதில்தான் புள்ளி இருக்கிறது.

ஒரு தாயோடு ஃபோனில் நடந்த உரையாடலைச் சொல்கிறேன்.

“அவன் தானாத்தான் அக்கா குளிப்பான். நான் உள்ளுக்கப் போறேல்ல. கதவுக்கு வெளியில நிண்டு சொல்லிக்கொண்டு நிண்டால் காணும்.”

“என்னத்தைச் சொல்லுவீங்கள்?”

“தண்ணி சூடோ எண்டு கேப்பன். சவர்க்காரம் போட்டாச்சோ, தலையை நனைச்சாச்சோ, இப்ப பைப்பை நிப்பாட்டு எண்டுவன். சொல்லாட்டி அப்பிடியே தண்ணிக்குக் கீழ நிப்பான்.”

“அது எவ்வளவு நேரம்?”

“அரை மணித்தியாலம் போகும். சில நாள் கூட.”

கதவுக்கு வெளியே நின்ற அந்த அரை மணித்தியாலத்துக்கு அவரிடம் பெயர் இல்லை. சட்டத்தில் உண்டு: ஞாபகப்படுத்துவது, ஊக்கப்படுத்துவது, விளக்கிச் சொல்வது மூன்றும் உதவி என்றே அதில் எழுதியிருக்கிறது. குளிப்பதற்கு அப்படிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் இரண்டு புள்ளி. உடுப்புப் போடுவதற்கு, அதாவது மழைக்கும் வெயிலுக்கும் எதைப் போடுவது, எப்போது மாற்றுவது என்று சொல்ல ஆள் வேண்டுமென்றால் இன்னுமொரு இரண்டு. நாங்கள் ‘கத்திக்கொண்டே இருக்கிறேன்’ என்று சலித்துக்கொள்கிற வேலைதான் அங்கே புள்ளியாகிறது. வாயை மூடிக்கொண்டு நாமே செய்துவிட்டுப் போனால் அது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சமையலில்தான் எங்கள் வீடுகள் வசமாக மாட்டிக்கொள்கின்றன. பிப்பின் முதல் செயலே சாப்பாடு தயாரிப்பது: புதிய பொருட்களைக் கொண்டு ஒரு ஆளுக்கான எளிய சாப்பாடு. டி.எல்.ஏ.யில் பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் சமையலைப் பற்றி எதிர்பார்ப்பு இல்லை. ஆகவே இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிது. ஒரு தமிழ் வீட்டில் பதினாறு வயது ஆண்பிள்ளை குசினிக்குள் போவது தண்ணீர் குடிக்கத்தான். அதனால் தாய் உண்மையாகவே ‘நான் சமைத்துக் கொடுப்பேன்’ என்று எழுதுகிறார். இதற்கு ஒரு புள்ளியும் வராது. இயலாமை இல்லாத அண்ணனுக்கும் அம்மாதானே சமைக்கிறார்! செய்வதில்லை என்பது வேறு, செய்ய முடியாது என்பது வேறு. அடுப்பு பற்றி எரியும்போது அதை மறந்து விட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போவானா? கத்தியின் எந்தப் பக்கம் வெட்டும் என்று பார்ப்பானா? கோழி வெந்ததா இல்லையா என்று தெரியுமா? எண்ணெய் வெடித்தால் கையால் பிடிப்பானா? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் படிவம் எழுதுவதற்கு முதல் அவனைப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு முட்டை பொரிக்கச் சொல்லிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். முட்டையை உடைக்காமல் கோதோடு சட்டிக்குள் வைத்தான். வைத்துவிட்டு மிகவும் திருப்தியாக என்னைப் பார்த்தான். அடுப்பின் மேல் நெருப்பு இருக்கிற இடத்துக்கும் கைக்கும் எவ்வளவு தூரம் என்பதை அவன் கவனிக்கவேயில்லை. அந்தக் காட்சியை அப்படியே எழுதினேன். சமைக்கச் சொல்லிக்கொடுக்க மட்டும் ஆள் வேண்டுமென்றால் இரண்டு, பக்கத்தில் நின்று பார்க்கவோ உதவவோ ஆள் வேண்டுமென்றால் நான்கு, அறவே முடியாதென்றால் எட்டு.

இன்னொன்று என்னைக் கோபப்படுத்தியது. அது இன்னும் அடங்கவில்லை. இரவைப் பற்றிப் பிப்பின் அந்தப் பத்துச் செயல்களில் ஒரு கேள்வியும் இல்லை. டி.எல்.ஏ.யில் பகல் தேவை, இரவுத் தேவை இரண்டையும் தனித்தனியாகக் கேட்பார்கள். இரண்டும் இருந்தால் உயர்ந்த விகிதம். இரவு இரண்டு மணிக்கு எழும்பி வீட்டுக் கதவுகளைத் திறந்து பார்க்கும் பிள்ளைக்காக விழித்திருந்த தாய்மாருக்கு அதில் இடம் இருந்தது. பிப்பில் தூக்கம் ஒரு செயலே இல்லை. மலசலத் தேவை, மருந்து, சிகிச்சை ஆகியவற்றின் கீழ் வருகிறதை அங்கே எழுதலாம். வெறும் விழித்திருப்புக்கு வரிசை கிடையாது. பிள்ளை பதினாறானதும் இரவில் தூங்கத் தொடங்கிவிடுவான் என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள் போல. ஆனால் தாயின் 35 மணித்தியாலக் கணக்கில் அந்த இரவு சேரும். பிள்ளையின் படிவம் அதைக் கேட்கவில்லை என்பதற்காகத் தன் கணக்கில் இருந்தும் தாய் அதை வெட்டிவிட வேண்டியதில்லை.

இந்த மாற்றம் எப்போதும் நட்டத்தில்தான் முடியும் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. டி.எல்.ஏ.யில் கீழ்விகிதம் மட்டும் கிடைத்த பிள்ளையின் தாய்க்கு இதுவரை கேரர்ஸ் அலவன்ஸ் கிடைத்திருக்காது. பிப்பில் கீழ்விகிதம் என்று ஒன்றில்லை. எட்டுப் புள்ளி வந்துவிட்டால் தாய்க்கும் வழி திறக்கிறது. நடுத்தர விகிதத்தில் நிம்மதியாக இருந்தவர்கள்தான் ஏழு புள்ளியோடு வெளியே நிற்கிற ஆபத்து உண்டு.

அடுத்தது, யார் பேசுவது என்ற பிரச்சினை. பதினாறு வயதில் அந்தப் பிள்ளைதான் விண்ணப்பதாரர். அவனால் காசு விவகாரத்தைக் கையாள முடியாதென்றால் தாயோ தகப்பனோ ‘அப்பொயின்டி’யாகப் பதிய வேண்டும். அவனுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுவது, காசைப் பெறுவது, மாற்றங்களை அறிவிப்பது எல்லாம் அப்பொயின்டியின் பொறுப்பு. எங்கள் ஆட்களுக்கு இது அவமானமாகப் படுகிறது. “பெத்த தாய் நான், எனக்கு ஆர் அனுமதி தாறது?” என்று ஒருவர் என்னிடமே சண்டை பிடித்தார். அவருடைய கோபம் விளங்குகிறது. ஆனால் விதியின் மறுபக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். கையெழுத்து வைக்கத் தெரிந்த, தன் காசைத் தானே பார்க்க விரும்புகிற பதினாறு வயதுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக நாம் பேசிக்கொண்டே போவது சரியில்லை. அப்பொயின்டி ஆவது அரச உதவிக் காசுக்கு மட்டும்தான். வைத்தியம், படிப்பு, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு அது செல்லாது.

பிப்புக்காகப் பிள்ளையை நேரில் கேள்வி கேட்கும் மதிப்பீட்டு நாளில் அவன் பேசினால் இன்னும் சிக்கல். என் மகன் எதைக் கேட்டாலும் ‘யெஸ்’ என்பான். தனியாகப் பஸ்ஸில் போவாயா, யெஸ். காசு எண்ணத் தெரியுமா, யெஸ். நண்பர்கள் இருக்கிறார்களா, யெஸ். கேள்வி கேட்ட பெண் நல்ல மாதிரி. சிரித்துக்கொண்டே கேட்டார், அவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். கடைசியில் நான் இடையில் போய், “நீ பறப்பாயா என்று கேளுங்கள்” என்றேன். கேட்டார். யெஸ். அதற்குப் பிறகு அவர் கேள்விகளைக் கேட்ட விதம் மாறியது. எல்லாரும் இந்த வித்தையைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் ‘ஓம்’ எப்படிப்பட்ட ஓம் என்பதைப் படிவத்திலேயே முன்கூட்டி எழுதிவைப்பது நல்லது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குக் கவுன்சில் எழுதித் தரும் ஈ.எச்.சி. திட்டம், பேச்சுச் சிகிச்சையாளரின் அறிக்கை எல்லாவற்றின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஆங்கிலம் ஓடாதவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்னதாகவே சொல்லலாம், ஒழுங்கு செய்து தருவார்கள். தயவுசெய்து பன்னிரண்டு வயதுத் தங்கச்சியைக் கொண்டு மொழிபெயர்க்க வேண்டாம். அண்ணன் கழிப்பறையில் என்ன செய்கிறான் என்பதை அந்தப் பிள்ளை ஒரு அந்நியருக்குச் சொல்லும்போது பாதியை விழுங்கிவிடும். விழுங்கிய பாதியில்தான் புள்ளி இருக்கும்.

விழுங்குவதில் பெரியவர்கள் மட்டும் குறைந்தவர்களா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மதிப்பீட்டுக்கு வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, “இப்ப அவர் நல்ல கெட்டிக்காரன், எல்லாம் செய்வார்” என்று சொல்லுகிற தாய்மாரை எனக்குத் தெரியும். வருடக்கணக்காகக் கோயிலிலும் கலியாண வீட்டிலும் சனத்துக்கு முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசிப் பழகிய வாய் அது. அதே வாயால் அவனால் முடியாததை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லச் சொல்லும்போது அது துரோகம் மாதிரி இருக்கிறது. அவன் பக்கத்து அறையில் இருக்கும்போது அது இன்னும் கஷ்டம். படிவத்தை நான் இரவில், எல்லாரும் படுத்த பிறகு எழுதினேன். எழுதி முடித்த அடுத்த நாள் அவனோடு பூங்காவுக்குப் போய் வந்தேன். வேறு எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

பிள்ளை வளர வளர தாயின் பக்கமும் மாறுகிறது. பள்ளிக்கூட நேரம் நீண்டதும் பகுதி நேர வேலை ஒன்றைப் பிடிப்பார்கள். கேரர்ஸ் அலவன்ஸில் உழைக்கிற காசுக்கு வரம்பு இருக்கிறது. 2025 ஏப்ரலில் அது கிழமைக்கு 151 பவுண்ஸில் இருந்து 196 ஆக உயர்ந்தது. வரி, தேசியக் காப்புறுதி, ஓய்வூதியக் கட்டணத்தில் பாதி ஆகியவை கழிந்த பிறகான தொகை அது. ஒரு பவுண் கூடினாலும் அந்தக் கிழமைக்கான அலவன்ஸ் முழுதாகப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற ஏற்பாடு இல்லை. இப்படிக் கூடியதைத் தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டி வந்தவர்கள் இந்த நாடு முழுவதும் இருக்கிறார்கள், பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்ட விடயம். மேலதிக நேரம் செய்தால், கிறிஸ்மஸ் போனஸ் வந்தால், உடனே அறிவியுங்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட்டில் உள்ள பராமரிப்பாளர் பகுதிக்கு இந்த வரம்பு இல்லை. அங்கே சம்பளத்துக்கு ஏற்றபடி மொத்தத் தொகைதான் குறையும். ஆனால் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் அதை யூனிவர்சல் கிரெடிட்டில் பவுணுக்குப் பவுண் கழித்துவிடுவார்கள் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

ஊரில் செத்தவீடு என்று தாய் மட்டும் யாழ்ப்பாணம் போக வேண்டி வந்தால் நாலு கிழமை வரை அலவன்ஸ் நிற்காது. அதற்கு மேல் போனால் நிற்கும்.

இந்த வயதெல்லைகூட நிலையானதென்று சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் அரசாங்கம் வெளியிட்ட யோசனைகளில் டி.எல்.ஏ.யில் இருந்து பிப்புக்கு மாறும் வயதைப் பதினாறில் இருந்து பதினெட்டாக்கலாமா என்பதும் ஒன்று. என் அபிப்பிராயம், ஆக்க வேண்டும். ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை, கல்லூரி மாற்றம், இதுவும் சேர்ந்து ஒரே வருடத்தில் வந்து விழுவது அநியாயம். அதே யோசனைகளில் இன்னொன்றும் இருந்தது: ஏதாவது ஒரு செயலிலாவது நான்கு புள்ளி எடுக்காதவர்களுக்கு அன்றாடப் பகுதி இல்லை என்பது. குளிக்க இரண்டு, உடுக்க இரண்டு, சமைக்க இரண்டு, காசுக் கணக்குக்கு இரண்டு என்று எட்டைச் சேர்த்தவர்கள் அத்தனை பேரும் வெளியே போயிருப்பார்கள், அவர்களோடு அவர்களின் தாய்மாரும். எதிர்ப்பு வலுத்ததால் 2025 ஜூலையில் அந்தப் பகுதியை மசோதாவில் இருந்து எடுத்துவிட்டார்கள். பிப் மதிப்பீட்டை முழுதாக ஆராயும் பொறுப்பு அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் கையில் போனது. எங்கள் சனம் நிறைய இருக்கும் ஈஸ்ட் ஹாமின் எம்.பி. அவர். அந்தத் தொகுதியில் இருக்கிறவர்கள் அவருக்கு எழுதலாம். நான் அந்தத் தொகுதியில் இல்லை.

முடிவு வரும் வரை என்ன நடக்கும் என்றுதான் கடைசியில் எல்லாரும் கேட்பார்கள். உரிய தேதிக்குள் பிப்புக்கு விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் வரை டி.எல்.ஏ. தொடரும், அதோடு கேரர்ஸ் அலவன்ஸும் தொடரும். விண்ணப்பிக்காமல் விட்டால் இரண்டும் நிற்கும். முடிவு பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேளுங்கள். அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. பிள்ளைக்குப் பிப் பிந்தித்தான் கிடைத்தது, இடையில் உங்கள் அலவன்ஸ் நின்றுவிட்டது என்றால், அவனுடைய முடிவுக் கடிதம் வந்து மூன்று மாதத்துக்குள் கேரர்ஸ் அலவன்ஸுக்கு நீங்கள் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். அப்படிச் செய்தால் அவனுக்குப் பிப் தொடங்கிய நாளில் இருந்தே உங்களுக்கும் கணக்கிடுவார்கள். பிள்ளைக்குக் கிடைத்த சந்தோசத்தில் இந்தத் தேதியைத் தவறவிட்ட ஒரு குடும்பம் போன வாரம்தான் என்னோடு கதைத்தது.

அனுப்பும் எல்லாவற்றிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிப்பும் சில வருடங்களில் திரும்ப வரும்.